நீங்கள் சாகவிடாதவர்கள்

என்னங்க,

இப்படி உங்களைக் கூப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட நாற்பது வருடமாக வாய் வரவில்லை, இனிமேலா வரப்போகிறது? அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இங்கே உங்கள் மேல் கடுங்கோபத்தில் இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊர் முழுக்கப் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் வருடப் பூசை நன்றாக நடந்தது. நான் குரோஷாவில் பின்னிய பீடத்துணியை ஃபாதர் எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். செங்காங்கிலிருந்து நம் மகள் ஷீலா வாராவாரம் வருகிறாள். வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, “ஒரு ஆளுக்கு எதுக்கும்மா இவ்ளோ சாம்பார்?” என்கிறாள். கை பழகிய அளவு, நான் என்ன செய்ய? அவள்தான் என்னை நம் புக்கிட் பாஞ்சாங் நூலகத்துத் தமிழ் வாசிப்புக் குழுவில் சேர்த்துவிட்டாள். “குரோஷாவும் கையுமா வீட்டுலயே உக்காந்திருந்தா எப்படி? வெளிய போய் நாலு பேரப் பாருங்க லா.”

நானும் பெருமையாகத்தான் போனேன். நான் அறியாத நாவலா? சமையலறையில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நீங்கள் சத்தமாக வாசிப்பீர்கள். நான் மீன் கழுவிக்கொண்டோ, மாவு பிசைந்துகொண்டோ, அடுப்பு வேலை முடிந்தால் குரோஷா ஊசியோடோ கேட்டுக்கொண்டிருப்பேன். என் கை ஒருநாளும் புத்தகம் பிடிக்கிற நிலையில் இருந்ததில்லை. முப்பது வருடமாக நான் ‘படித்தது’ எல்லாமே உங்கள் குரலில்தான்.

முதல் கூட்டத்தில் ஒரு தலைமையாசிரியரின் மனைவியைப் பற்றிய பழைய நாவலை எடுத்தார்கள். குழுவை நடத்துபவர் பத்மா டீச்சர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை, வாயைத் திறந்தால் மேடைத் தமிழ்தான். “முடிவைப் பற்றி யாராவது சொல்லுங்களேன்” என்றார். நான் கையைத் தூக்கினேன்.

“முடிவுதாங்க எனக்கு ரொம்பப் புடிச்சுது. புருஷன் கொடும தாங்காம வெளிய வந்து, சிராங்கூன் ரோட்டுல இட்லிக் கடை போட்டு, எப்படி முன்னுக்கு வந்துட்டா பாருங்க!”

பன்னிரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். பத்மா டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஸ்டெல்லா, அந்தப் பெண் கிணற்றில் விழுந்து இறந்துவிடுகிறாள்.”

“இல்லிங்க, அது வேற யாராச்சும் இருக்கும்.”

“கதையில் இருப்பதே ஒரு பெண்தான். கதை நடப்பது கும்பகோணத்தில். அங்கே சிராங்கூன் ரோடு எப்படி வரும்?”

“அவதான் கப்பல்ல வந்தாளே” என்றேன். நீங்கள் அப்படித்தானே வாசித்தீர்கள்? நான் விடவில்லை. சட்னிக்கு அவள் என்னென்ன வைத்து அரைத்தாள் என்பதுவரை சொன்னேன். கடைசியில் பக்கத்திலிருந்த ஒரு அம்மா புத்தகத்தைத் திறந்து என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். படித்தேன். கிணறு இருந்தது. இட்லி இல்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் அலமாரியைத் திறந்தேன். கடைசி அத்தியாயங்களாகப் பார்த்துப் படித்தேன். மூன்று நாளில் ஏழு நாவல். ஆறில் சாவு, ஒன்றில் துறவு. காசநோயில் போனவனுக்கு நீங்கள் தேக்காவில் மளிகைக் கடை வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். ரயிலில் விழுந்தவளுக்குப் பூக்கடை. காசிக்குப் போய்த் துறவியான மிராசுதாரை இங்கே கொண்டுவந்து, வீவக அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு மனுப்போட வைத்து, முதல் குலுக்கலிலேயே எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐந்தறை வீடு வாங்கித் தந்திருக்கிறீர்கள். முதல் குலுக்கலில் வீடு கிடைத்தது என்றபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? கை தட்டினேனே!

வாழ்நாள் முழுக்கத் துறைமுகக் கிடங்கில் அடுத்தவர் சரக்கைப் பார்த்துக்கொண்டவர் நீங்கள். சொந்தமாக ஒரு கடை வைக்க ஆசைப்பட்டீர்கள், நான்தான் பயந்து வேண்டாம் என்றேன். அதற்காகச் செத்தவர்களுக்கெல்லாமா கடை வைத்துக் கொடுப்பது? அது புரிந்தபோது சிரிப்பு வந்தது, கூடவே மனசு கஷ்டமாகவும் இருந்தது. உங்களைத் தடுத்திருக்க வேண்டாம்.

ஆனாலும் கோபம் கோபம்தான். நான் என்ன சின்னப் பிள்ளையா? ஷீலாவுக்கு ஃபோன் போட்டேன்.

“உனக்கு இது தெரியுமாடி?”

“தெரியும்மா. பிரைமரி ஃபோர்லேர்ந்து. ஒருநாள் புக்க எட்டிப் பாத்தேன், அப்பா சொன்னது ஒண்ணுமே அதுல இல்ல. கண்ணடிச்சாரு. நானும் சும்மா இருந்துட்டேன்.”

“ஏண்டி இப்படிப் பண்ணாரு?”

“மறந்துட்டீங்களா? எனக்கு ஆறு வயசு. ஏதோ கதையில ஒரு கொழந்த காய்ச்சல்ல செத்துப்போச்சுன்னு நாலு நாளு நீங்க அடுப்பே பத்த வைக்கல. நானும் அப்பாவும் கோப்பிக் கடையே கதின்னு கெடந்தோம். மத்தியானம் மீ கோரெங், ராத்திரியும் மீ கோரெங். இனிமே கதையில ஒருத்தர் செத்தாக்கூட என் வயிறு தாங்காதுன்னு சொன்னாரு அப்பா.”

சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அது நம் இரண்டாவது பிள்ளை தங்காமல் போன வருடம். நான் அழுதது கதைக் குழந்தைக்காக மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்காமல், கதையை மாற்றத் தொடங்கியிருக்கிறீர்கள்.

மறுநாள் ஷீலா நேரில் வந்து இன்னொன்றும் சொன்னாள். “வாசிக்கும்போதே அப்பா அடுத்த பக்கத்த ஓரக்கண்ணால பாத்துக்குவாரு. யாராச்சும் சாகப்போறாங்கன்னா தண்ணி கேப்பாரு. நீங்க கை கழுவி, கிளாஸ் எடுத்து ஊத்திக் கொண்டார்றதுக்குள்ள வேற முடிவு யோசிச்சுடுவாரு.”

அடப்பாவி மனுஷா! எத்தனை கிளாஸ் தண்ணீர்! உங்கள் தொண்டைக்கு ஏதோ நோய் என்று நான் அதிமதுரம் இடித்தேன், சீரகம் கொதிக்க வைத்தேன். வருடாவருடம் கோயிலில் தொண்டை மந்திரிக்கும் நாளில் உங்களை முதல் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஃபாதர் இரண்டு மெழுகுவர்த்தியைக் கழுத்தில் வைத்து மந்திரிக்க, பச்சைப் பிள்ளை மாதிரி நின்றீர்களே!

இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

நீங்கள் கடைசியாக வாசித்தது அந்தப் பச்சை அட்டைப் புத்தகம். அச்சகம் நடத்தும் வயதான புருஷன் பெண்டாட்டி, கப்பலில் போன மகனைப் பற்றித் தகவலே இல்லை. கடைசி அத்தியாயத்தின் முதல் வரியில் தபால்காரர் வருகிறார். அங்கே நிறுத்தி, “ஸ்டெல்லா, கொஞ்சம் தண்ணி குடு” என்றீர்கள். நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். ‘இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்ல’ என்று முணுமுணுத்து, எண்ணெயில் கிடந்ததைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தேன். அதற்குள் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். மாலையில் ஆம்புலன்ஸ். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

அந்தத் தண்ணீரை எதற்காகக் கேட்டீர்கள்? கதைக்காகவா, உங்களுக்காகவா? கதைக்காக என்றால் நான் வடையைத் திருப்பியதில் தப்பில்லை. உங்களுக்காக என்றால்?

விடை அந்த அத்தியாயத்தில் இருந்தது. மகன் செத்திருந்தால் வழக்கம்போல் கதைக்காகக் கேட்டிருப்பீர்கள். ஒரு வாரம் அதைத் தொடவில்லை. ஆனால் பத்மா டீச்சர் விடுவாரா? அடுத்த கூட்டத்துக்கு அதே புத்தகத்தை எனக்கென்று ஒதுக்கி, “அச்சில் உள்ளபடி மட்டும் பேசுங்கள், ஸ்டெல்லா” என்று சொல்லி அனுப்பியிருந்தார். சிலுவை போட்டுக்கொண்டு உங்கள் முக்காலியில் உட்கார்ந்தேன். ஆண்டவரே, எப்படியாவது அந்தப் பையன் செத்திருக்கட்டும் என்று வேண்டினேன். மன்னிக்க முடியாத ஜெபம்தான். பிறகு பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது ஃபாதருக்கே புரையேறிவிட்டது.

மகன் வந்துவிட்டான். உயிரோடு, தகரப் பெட்டியோடு, முன்னைவிடப் பருத்து. அம்மா சோறு போடுகிறாள். அச்சகம் ஓடுகிறது. யாரும் சாகவில்லை. நீங்கள் தொட வேண்டிய அவசியமே இல்லாத முடிவு.

ஆக, அன்றைக்கு உங்களுக்கு நிஜமாகவே தாகம்.

அழுதேன். நன்றாகவே அழுதேன். பிறகு அந்த நாளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நான் கொண்டுவந்த கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினீர்கள். ஒரு சொட்டு விடாமல் குடித்தீர்கள். குடித்துவிட்டு, “வடை கருகுது, போய்ப் பாரு” என்றீர்கள். தாமதமாகத்தான் வந்தேன். ஆனால் வந்தேன், நீங்களும் குடித்தீர்கள். இதற்கு மேல் என்னால் கணக்குப் பார்க்க முடியவில்லை, விட்டுவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை கூட்டம். எழுந்து நின்று, மகன் திரும்பி வருகிறான் என்று சொல்லப்போகிறேன். ஒருத்தரும் நம்பப்போவதில்லை. பத்மா டீச்சர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேல் எந்தப் புத்தகமானாலும் நானே கடைசிப் பக்கம் வரை படிப்பேன். யாராவது செத்தால் அழுவேன், அழுதுகொண்டே ரசம் வைப்பேன், அடுப்பை அணைக்கமாட்டேன். பயப்படாதீர்கள். நீங்கள் போனதையே தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாவல் என்னை என்ன செய்துவிடும்?

கோபம் பாதி தீர்ந்த,
உங்கள் மனைவி, ஷீலாவின் அம்மா,
ஸ்டெல்லா