கேட்டுக்கு உள்ளே, கேட்டுக்கு வெளியே

பேத்தி காலேஜில் சமூகவியல் படிக்கிறாள். புத்தகத்தில் முக்கியமான வரிக்கெல்லாம் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறாள். பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை, எண்ணெய்க்கறை இருக்கிற இடத்தைக் காட்ட நாம் ஒட்டுவோமே, அதே சிவப்பு அம்பு.

"இத்தனை டேமேஜா கண்ணு இந்தப் பொஸ்தகத்துல?" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஒரு இடத்தை விளக்கிச் சொன்னாள். ஒரே ஆளுக்குப் பல பங்கு இருக்குமாம், சில நேரம் ஒன்றோடு ஒன்று மோதுமாம். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது, புள்ள.

நீ ஓவர்லாக் தையல் மெஷினில், நான் செக்கிங் மேஜையில். ஒரே பஸ், ஒரே தூக்குப்போசிச் சோறு. என்னைச் சூப்பர்வைசர் ஆக்கிய மூன்றாம் நாளே நீ தைத்த பண்டல் என் கைக்கு வந்தது. பாதிக்கு மேல் பனியனில் தோள் தையல் பிடிக்காமல் விட்டுப்போயிருந்தது. பாஸ் பண்ணினால் என் வேலை போகும். திருப்பினால் உன் சிநேகம் போகும். லைன் முழுக்க நம்மையே பார்த்தது. திருப்பிவிட்டேன்.

"சரிங்க மேடம்" என்று வாங்கிக்கொண்டாய். முகத்தில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் கம்பெனி கேட்டைத் தாண்டி ரெண்டு எட்டு வைத்திருப்பேன். "நில்லு புள்ள. உள்ளார நீ சூப்பர்வைசரு, நான் வாயே தெறக்குல. இப்ப நீ ஆரு?" என்றாய். பஸ் ஸ்டாப் வரைக்கும் திட்டு. என் நாத்தனார் சண்டையில் நீ எனக்காக வந்து நின்றதிலிருந்து ஆரம்பித்து ஒன்றையும் விடவில்லை. "நீ ஆக்கற அரிசிம்பருப்புச் சோத்த மனுசன் திம்பானா? பாவம்னு தின்னேன்" என்றுகூடச் சொன்னாய். பஸ் வந்ததும் முதல் ஆளாய் ஏறி, எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்தாய்.

அதற்கப்புறம் எத்தனையோ பண்டல் திருப்பினேன். உள்ளே "சரிங்க", வெளியே திட்டு. அதைக் கேட்கவே நாலு பேர் நம்மோடு நடந்து வந்தார்கள். அரிசிம்பருப்புப் பேச்சை மட்டும் நான் மன்னிக்கவில்லை. நீ செத்த அன்றைக்கு அழுதுகொண்டே அதையும் நினைத்தேன்.

இப்போது மருமகள் நடத்தும் பனியன் யூனிட்டில் நூல் பிசிர் வெட்டுகிறேன். போன வாரம் எல்லார் முன்னாலும் என் பீஸைத் திருப்பிவிட்டாள். "சரியா வெட்டுலீங்க அத்தை." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பீஸை எடுத்தாள். "சரிங்க மேடம்" என்று வாங்கி மறுபடி வெட்டினேன்.

கேட்டுக்கு வெளியே நீ என்னைத் திட்டின கதை அவளுக்குத் தெரியும். ஊட்டுக்கு வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு சொம்புத் தண்ணீரோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆரம்பிங்க அத்தை" என்றாள்.