உங்கள் வண்டியைத் தேடி வந்தவர்

மேலப்பாளையம்,
17-11-1996.

அன்பு மச்சானுக்கு ஷரீபாவின் ஸலாம்.

அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லோரும் இருக்கிறோம். மழை விடாமல் பெய்கிறது. ஆற்றில் வெள்ளம் கலங்கலாகப் போகிறது என்று மாமா பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். மாமிக்கு மூட்டுவலி குறையவில்லை. நம் மகள் ஸமீஹா உங்கள் பெயரைப் பிழையில்லாமல் எழுதப் பழகிவிட்டாள். நீங்கள் கொடுத்தனுப்பிய மெழுகு டப்பாவை, அங்கிருந்து லீவில் வந்த யாசர் கொண்டுவந்து தந்தார்.

வண்டியை நீங்கள் எழுதியபடிதான் கழுவுகிறேன். நிழலில் நிறுத்தி, முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிச் சகதியை ஓடவிடுகிறேன். மண்ணோடு தேய்த்தால் பெயிண்டில் கீறல் விழும் என்று எழுதியிருந்தீர்கள். சோப்புத்தூள் போடுவதில்லை, ஷாம்புதான். பழைய பனியனால் ஈரம் போகத் துடைத்து, மெழுகை மெலிதாகப் பூசி, வெளுத்துக் காய்ந்ததும் துடைத்தெடுத்தால் டேங்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. முன் மட்கார்டில் ஓர் இடம் மட்டும் சரியாகவில்லை. சவூதிக்குப் பயணம் போவதற்கு முன்னால் நீங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தீர்களே, அந்த இடம். குரோம் உரிந்துவிட்டது. எவ்வளவு மெழுகு பூசினாலும் மறுவாரம் துரு பூத்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். மழை சற்று விட்டிருந்ததால் முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். பெயர் பூதத்தான், ஊர் ஆழ்வார்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை என்றார். கண் மட்டும் வண்டியை விட்டு நகரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். "இரு தாயி, ஒண்ணு கேக்கணும்" என்று படியில் உட்கார்ந்தார்.

இந்த வருஷம் ஆடி மாதச் சாரலில் அவருடைய மகள் வேணி, டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாளாம். இருட்டப்போகிறதே என்று இவர் எதிரே நடந்து போயிருக்கிறார். இவரைத் தாண்டிப் போன மோட்டார் சைக்கிள் ஒன்று, இவர் கண் முன்னாலேயே அவள்மேல் மோதிவிட்டது.

"வண்டிய நிப்பாட்டுனான் தாயி. எறங்கி அவ பக்கமா ரெண்டு எட்டு வச்சான். நான் கத்திக்கிட்டு ஓடியாந்தேன். சத்தம் கேட்டதும் ஏறிப் போயிட்டான். பிள்ளைக்கு உசிரு இருந்துச்சி. அவன் வண்டியிலயே அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பொழச்சிருப்பா."

ஆள் முகம் தெரியவில்லையாம். "மசங்குன நேரம். வண்டிதான் அங்கன தெரிஞ்சிது. அந்தச் சாரல்லயும் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னுச்சி. அப்படி வண்டி வச்சிருக்கது யாருன்னு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பா விசாரிக்கேன். நேத்து ஒருத்தர் உமர் பாரூக் வீட்டச் சொன்னாவ."

உங்கள் பெயரையே சொன்னார். நீங்கள் எங்கே என்று கேட்டார். "அவுக சவூதிக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை மச்சான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் அப்படியே நம்பிவிட்டார். "அப்ப இது இல்ல. தப்பா நெனச்சிராத தாயி. இனிமே அலைய ஒடம்புல தெம்பில்ல, இத்தோட விட்டுருதேன்" என்று என்னைக் கும்பிட்டார். தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

அந்த ஆடியில் ஒரு ராத்திரி கடையத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி வழியாக நனைந்து வந்த நீங்கள் சோறு தின்னாமல் வண்டியைத்தான் கழுவினீர்கள். ஹெட்லைட்டில் கல் பட்டுவிட்டது என்றீர்கள். டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டு இந்த ஆகஸ்டிலேயே புறப்பட்டுவிட்டீர்கள். நான் எதையும் கேட்கவில்லை.

நேற்று வண்டிமேல் விழுந்த தூவானத்தைத் துடைக்கக் குனிந்தேன். மட்கார்டின் வளைவில் என் முகம் ஒடுங்கி நீண்டு, யாரோ ஒரு சின்னப் பெண் உள்ளேயிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. துடைத்தால் அவள் இன்னும் தெளிவாகத் தெரிவாளோ என்று கை அப்படியே நின்றுவிட்டது. ஸஜ்தாவில் கண்ணை மூடினாலும் அந்த முகம்தான் வருகிறது. ஸமீஹா பின்னால் வந்து உம்மா என்று கூப்பிட்டால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது.

நீங்கள் இறங்கி அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்திருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளைக் காலையில் மாமியிடம் சொல்லிவிட்டு ஆழ்வார்குறிச்சிக்கு பஸ் ஏறப்போகிறேன். நான் சொன்னது பொய் என்று அவரிடம் சொல்லிவிடுவேன். அவர் ஏசினாலும் அடித்தாலும் நின்று வாங்கிக்கொள்வேன். மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதை உங்களுக்காக நான் சொல்ல முடியாது.

போலீஸ், கேஸ் என்று எது வந்தாலும் உங்கள் பக்கத்தில் நிற்பேன். ஸமீஹாவின் தலைமேல் ஆணை. எனக்குப் பதில் எழுத வேண்டாம் மச்சான். வந்துவிடுங்கள். உங்கள் கால் இந்த மண்ணில் படும்வரை அல்லாஹ் உங்கள் மனதைக் கெட்டியாக வைத்திருக்கட்டும்.

துஆவோடு,
உங்கள் ஷரீபா பீவி