ஒரே பூ கேட்ட இளவரசிக்கு

நலம் பெருகுக. மழை தப்பாது பெய்க. பனி அளவோடு இறங்குக.

ஏழு குன்றின் காவலரும் சேவற்கொடி உயர்த்தவருமான பனிவரை நாட்டு வேந்தர் கோப்பெருந்திண்ணரின் ஆட்சியாண்டு பதினெட்டு, மார்கழித் திங்கள் இருபதாம் நாள், தலைமை அமைச்சர் மாறங்கிழார் எழுதுவித்த இவ்வோலை, கடம்பவாயில் நாட்டு இளவரசியார் மாதங்கொடியாரின் திருமுன் பணிந்து நிற்கிறது. தங்கள் ஏரிகள் நிறைந்தனவா, தந்தையாரின் முழங்கால் வலி குறைந்ததா என்று இந்நாடு அன்போடு வினவுகிறது.

எங்கள் இளவரசரை மணக்கத் தாங்கள் ஒரே நிபந்தனை விதித்தீர்கள். பனிக்காலத் தோட்டத்தில் அரசர், அரசியார், இளவரசர் மூவரும் ஒருமனதாகத் தேர்ந்த ஒரே பூ பூத்திருக்க வேண்டும். ஒரு பூவில் ஒத்துப்போகாத வீட்டில் வாழ்நாளெல்லாம் எப்படிக் குடியிருப்பது என்று கேட்டனுப்பினீர்கள். ஏற்கெனவே ஆறு நாட்டார் கைவிரித்துவிட்ட இளவரசருக்கு இது ஏழாவது சம்பந்தம். ஆகவே, காரியம் கெட்டால் பட்டமும் போகும், நாட்டை விட்டும் போக வேண்டும் என்று பூந்தோட்ட நாயகம் ஆலங்காடனுக்கு ஆணை பிறந்தது. இருபத்தாறு ஆண்டு மண்ணில் முழங்காலிட்டுப் பெற்ற பட்டம் அது.

கார்த்திகை முதல் நாள் அரசர் கோழிக்கொண்டை விதையை அவன் கையில் திணித்து, இதுவே ஒருமனதான முடிவு என்றார். அரசியார் வாடாமல்லி விதையோடு வந்து, இதுவே ஒருமனதான முடிவு என்று அருளினார். இளவரசர் கொண்டுவந்தது காசித்தும்பை. முடிவு மட்டும் அதேதான். இங்கே பனிவரை மரபைத் தாங்கள் அறிய வேண்டும். எங்கள் தோட்டத்துக்குள் 'இல்லை' என்ற சொல் ஒலித்தால் விதை முளைக்காது. ஆதலால் ஆலங்காடன் மூவரிடமும் ஆம் என்றான்.

ஒருவரின் விதையை மட்டும் போட்டால் மற்ற இருவரும் அவனைத் தோலுரிப்பார்கள். மூன்றையும் போட்டாலோ சம்பந்தம் முறியும். பாவம், அவனும் என்னதான் செய்வான்? பூக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மடைப்பள்ளிக்குப் போய் இரண்டு படி கடுகு வாங்கிவந்து விதைத்துவிட்டான். நாற்று தலைகாட்டியதும் அரசர் தம் கோழிக்கொண்டையைத் தடவிப் பூரித்தார். அரசியார் தம் வாடாமல்லிக்குத் திருஷ்டி கழித்தார். இளவரசர் காசித்தும்பைக்கு யாழ் வாசித்தார். ஆம், ஆம் என்று சொல்லிச் சொல்லி ஆலங்காடனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆள் பாதியாய் இளைத்தான்.

நேற்றுக் காலை தோட்டம் முழுதும் கடுகு மஞ்சளாய்ப் பூத்தது. மூவரும் ஒரே நேரத்தில் வந்து பார்த்தார்கள். மடைப்பள்ளித் தலைவர் மட்டும், இவ்வாண்டு தாளிப்புக்குக் குறை வராது என்று மகிழ்ந்தார். பிறகு அரசர் வாய் திறந்து, இதற்கெல்லாம் காரணம் ஆலங்காடனே என்றார். அரசியார் அதையே சொன்னார். இளவரசரும் அதையே சொன்னார்.

இளவரசியார் இதைக் கூர்ந்து நோக்க வேண்டும். இவ்வரண்மனையில் பதினெட்டு ஆண்டுகளில் மூவரும் ஒத்துப்போனது இதுவே முதல்முறை. தோட்டத்தில் நிற்பதும் ஒரே பூ. எனவே நிபந்தனை நிறைவேறியது என்பது அமைச்சரின் துணிபு.

இவ்வோலையோடு தங்கள் வாயிலில் நடுங்கி நிற்பவன் ஆலங்காடன்தான். தாங்கள் தைத் திங்களில் எழுந்தருள இசைந்தால், தங்கள் பல்லக்குக்கு முன்னால் அவன் நாயகமாகவே ஊர் திரும்புவான். இசையாவிடில் அவனைத் தாங்களே வைத்துக்கொள்க. நல்லவன், கொஞ்சமாய்த்தான் சாப்பிடுவான்.

இது கோவின் ஆணை. மூவரின் ஒருமனதுக்குச் சான்றாக அரக்கு முத்திரை இடப்பட்டது. அதை ஓலையின் தலையில் இடுவதா, நடுவிலா, அடியிலா என்பதில் மூவருக்கும் ஒத்துவராமையால், முத்திரை மூன்று.