வெற்றிலை வாயும் என் முதல் விலையும்

1987 செப்டம்பர், சனி இரவு. கள்ளக்குறிச்சி.

இட ஒதுக்கீட்டு மறியலில் திருக்கோவிலூர் பஸ் என் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டது. ஊரே சலித்துக்கொள்ள, எனக்கு மட்டும் சிலை வாங்க ஆள் கிடைத்தது.

நாற்பத்தைந்து வயதில் உளி பிடித்தவன் நான். இதுவரை ஒரு சிலைகூட விற்றதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய பெரியவர் என் மரப் பிள்ளையாரைக் கையில் எடுத்தார். முந்நூறு என்றேன். அவர் பேசவில்லை. பயந்துபோய் இருநூற்றைம்பது என்றேன். அதற்கும் பதிலில்லை. நூற்றைம்பதுக்கு இறங்கியதும் என் மனைவி வேணி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். “வாய் நெறைய வெத்தல, துப்ப எடம் தேடிக்கினு இருந்தேன். நீ இன்னாப்பா, ஏலத்த தலகீழா வுடற?”

“இன்னும் கொஞ்சம் வுட்டா பஸ் சார்ஜும் குடுத்து அனுப்புவாருங்க” என்றாள் வேணி.

சிரித்துக்கொண்டே முந்நூறையும் கொடுத்தார். “அடியில ஒம் பேர வெட்டிக் குடு. வூட்டுக்கு வர்றவங்க யார் செஞ்சதுன்னு கேப்பாங்க இல்ல.”

பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரைத் தலைகீழாகக் கவிழ்த்து என் பெயரைச் செதுக்கினேன். முதல் எழுத்தே கோணல்.

அடுத்த சிலைக்கு முந்நூற்றைம்பது சொல்ல வேண்டுமாம், வேணியின் உத்தரவு. சொல்லிவிடுவேன். சொன்ன கையோடு அவளே என் வாயைப் பொத்திவிட்டால் நல்லது.