அப்பா நிறுத்திய கார்

செல்ல மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இருமல்கூட நின்றுவிட்டது, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொன்னால் நடுவே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீ சொன்ன அந்தப் பையன் இதற்குள் உன்னிடம் சொல்லியிருப்பான், ஆனால் அவனுக்குத் தெரிந்தது பாதிதான்.

அப்பா காவல் இருக்கும் பெரிய பூங்காவில் புது விளையாட்டரங்கம் திறந்துவிட்டார்கள். கூரை முழுக்கச் சூரியத் தகடு, மழைத்தண்ணீரைக் குளத்தில் பிடித்துப் புல்லுக்கு விடுகிறார்கள், உள்ளே ஏசி கிடையாது, சுவரில் விட்ட இடைவெளி வழியே காற்று வருகிறது. புகை ஆகாது என்று காரையெல்லாம் வெளிவாசலோடு நிறுத்திவிடுவார்கள். அப்பா என்னவோ தானே செங்கல் சுமந்து கட்டியதுபோலப் பேசுகிறார், வீட்டில் ஒரு விளக்கை நான் அணைக்க மறந்தால் போதும், அன்றைக்கு எனக்கு அர்ச்சனைதான். போன ஞாயிறு அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூப்பந்துப் போட்டி. அந்தக் கூட்டத்தில் அப்பா நின்ற வாசலில் ஒரு கார் வந்து நின்றிருக்கிறது, உள்ளே ஒரு பெரியவரும் அவர் மனைவியும். முழங்கால் வலி, அரங்கம் வரை விடுங்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். வயதானவர்களுக்கு என்று இருக்கும் பேட்டரி வண்டி அப்போது பிள்ளைகளின் சாமான்களோடு உள்ளே போயிருந்தது, கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னால் முடிந்தது. உன் அப்பாவோ, எங்க மேனேஜர் காரே வெளியிலதான் நிக்குது, நாலு எட்டு நடந்தா உடம்புக்கு நல்லதுதானே என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் முகம் சிவந்து காரைத் திருப்பச் சொல்லிவிட்டார். அந்த அம்மாதான் கண்ணாடியை இறக்கி, உங்க பொண்ணத்தான் கட்டிக்குவேன்னு எங்க பையன் நிக்கிறான், சொல்லாம வந்து உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு நெனச்சோம் என்றாராம்.

வீட்டுக்கு வந்த மனிதர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. நான் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். காரை விடாதது தப்பில்ல, என் நாற்காலிய எடுத்துப் போட்டு உக்காரச் சொல்லலையே, அதுதான் தப்பு என்றார். மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போய் அதை அப்படியே சொன்னார். பெரியவர், நான் யாருன்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா என்று கேட்டார். நான் அப்பாவின் முழங்கையில் இடித்தேன். அப்பா கேட்டால்தானே! விட்டிருக்க மாட்டேங்க, கூடவே நடந்து வந்திருப்பேன் என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. பெரியவரின் மனைவி சிரித்துவிட்டார், பிறகு அவரும். பையன் இஷ்டம்தான் எங்க இஷ்டம், பொண்ணு எப்ப வருதுன்னு கேட்டுச் சொல்லுங்க என்றார்கள்.

நீ அந்தப் பையனைப் பற்றிச் சொன்னதிலிருந்து அப்பா வாய் திறக்கவில்லை என்று உனக்கு வருத்தம், எனக்கும்தான், பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் தானாகவே சொன்னார், நல்ல மனுஷங்க, ஆனா இனிமே லீவுக்கு வந்தா மொதல்ல அந்த வீட்டுக்குத்தானே போவா என்று. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும் வரை என் கையை விடவில்லை.

இருவரும் நூறு வயது சந்தோஷமாக இருங்கள். பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. வரும் தேதியை அவர்களிடம் தாராளமாகச் சொல், ஆனால் பெட்டியோடு நேராக இங்கே வா. நான் எழுதினேன் என்று அப்பாவிடம் சொல்லாதே.

உன் அம்மா