சிவம் வேண்டாம் என்ற வேலை

1997 ஜனவரி 11, சனி
ஸ்காபரோவில் மைனஸ் பதினெட்டு. கார் ஸ்டார்ட் எடுக்கவில்லை. பஸ்ஸில் கோவில். அங்கே ஒரு அங்கிள், என் மனுசன் சிவம் என்ன வேலை என்று விசாரித்தார். கோச் என்றேன்.
"கோச் ஓடுறாரோ? எந்தக் கொம்பனி பஸ்?"
யூனிவர்சிட்டிப் பெடியளுக்கு ஃபுட்போல் பழக்குகிறார், காலால் அடிக்கிறது இல்லை, ஹெல்மெற் போட்டு ஆளை ஆள் முட்டி விழுத்துகிற விளையாட்டு என்றேன். அங்கிள் என்னைப் பாவமாகப் பார்த்தார். வீட்டில் சொன்னதும் சிவம் சிரித்துத் தேத்தண்ணீரைச் சிந்திவிட்டார்.

ஜனவரி 14, செவ்வாய்
பனி. பெரிய கோச் ஓய்வு பெற்ற இடம் சிவத்துக்கு இல்லையாம். ஒஹாயோவிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டார்கள். இப்படி நடப்பது இரண்டாம் தடவை.
படிக்க வந்த வருடம் கூரையில் நின்று மட்ச் வீடியோ பிடித்தார். பிறகு அந்த வீடியோவை வெட்டிக் கொடுத்தார். பிறகு சம்பளமில்லாமல் சும்மா உதவிக் கோச். பிறகு பகுதிநேரக் கோச். பகலில் பார்சல் வான், பின்னேரம் மைதானம். பன்னிரண்டு வருடம்.
இரவு புட்டு. இரண்டாம் தரமும் வைத்தேன். அதையும் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார்.

ஜனவரி 19, ஞாயிறு
வாங்க: கோதுமை மா, கத்தரிக்காய், பல்ப்.
சிவம் வெளியே பனி அள்ளும்போது ரெலிபோன். தூர மேற்கே, பிரெய்ரிப் புல்வெளிப் பக்கம் ஒரு யூனிவர்சிட்டியின் தலைமைக் கோச். தடுப்பாட்டம் முழுவதையும் சிவத்திடம் கொடுக்கத் தயாராம், முழுநேர வேலை. வியாழக்கிழமை சிவம் மாட்டேன் என்றாராம். காரணம் என்ன என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு அப்படி ஒரு வேலை வந்ததே தெரியாது. சிவம் திரும்ப ரெலிபோன் எடுப்பார் என்று சொல்லி வைத்தேன்.
உள்ளே வந்ததும் கேட்டேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.
"உமக்கு இப்பதானே ஆஸ்பத்திரியில பெர்மனென்ற் கிடைச்சது. அஞ்சு வருஷமாப் பாத்துக்கொண்டு இருந்தனீர்."
"என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?"
கேட்கவில்லை. கோபம். அழுகையும். அந்த மனுசனுக்கு என்னில் இவ்வளவு அன்பு இருக்கிறது என்பதிலும் கோபம்.

ஜனவரி 20, திங்கள்
ஆஸ்பத்திரி லாப்பில் மேலதிகாரியிடம் விசாரித்தேன். என் இரத்தப் பரிசோதனைச் சேர்ட்டிபிக்கற் அந்த மாகாணத்திலும் செல்லுமாம். "இரத்தம் எல்லா ஊரிலும் இருக்கு" என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார்.
பின்னேரம் சிவத்திடம் சொன்னேன். அங்கே மைனஸ் நாற்பது என்றார். கோவில் இல்லை என்றார். தமிழ்ச்சனமே இல்லை என்றார்.
"நான் கட்டினது உங்களை. ஸ்காபரோவை இல்லை."
அவர் எழுந்து குசினிக்குப் போனார். பாத்திரம் எல்லாம் கழுவி வைத்தார், கழுவினதையும் சேர்த்து.

ஜனவரி 22, புதன்
வெயில், ஆனால் காது விறைக்கிற குளிர். சிவம் லீவு போட்டுவிட்டு, பத்து மணிக்குப் பிரெய்ரிக்கு ரெலிபோன் எடுத்தார். ஷேர்ட் மாற்றிக்கொண்டு, எழுந்து நின்றுதான் பேசினார். எப்போது வருவீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும், என்னைப் பார்த்தார். ஏப்ரல் என்று வாயசைத்தேன். ஏப்ரல் என்றார்.
பிறகு தன் ரீம் பெடியளுக்கு ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லத் தொடங்கினார். மூன்றாவது பெடியன் ஆறரை அடி. அழுகிறானாம். சிவம் ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு யன்னல் பக்கம் போய் நின்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வா என்றேன்.
ரிசீவரை வைத்த பிறகுதான் ரீமில் எத்தனை பேர் என்று சிவத்தைக் கேட்டேன்.
நாற்பத்தாறு.