பயனெட்டைப் பற்றி நீ சொல்ல வந்தது

அன்புள்ள அண்ணா,

இன்று சாயங்காலம் டின்பால் டப்பாவைத் திறக்கப் போய் விரலைக் கிழித்துக்கொண்டேன். டப்பா திறப்பான் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. காய் நறுக்கும் கத்தியை மூடிமேல் வைத்துக் குழவியால் தட்டினேன், வழுக்கிவிட்டது. பால் கொஞ்சம், இரத்தம் கொஞ்சம், அடுக்களை முழுக்க அந்தத் தித்திப்பு வாசனை. நீ இருந்தால் இரண்டே குத்தில் திறந்திருப்பாய். "கைய எடு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல இந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ ஒன்றும் வீரதீரத்துக்காகப் பட்டாளத்துக்குப் போனவன் இல்லை. சீனாச் சண்டைக்குப் பிறகு நிறைய ஆள் எடுத்தார்கள். டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு வேலையில்லாமல் இருந்த நீயும் வரிசையில் போய் நின்றாய். அறுபத்தைந்துச் சண்டை முடிந்து முதல் லீவில் நீ வந்தபோது ராஜகீழ்ப்பாக்கத்தில் நம் தெருவே உன்னை வேடிக்கை பார்த்தது. நான் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் புது டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "உங்க அண்ணன் வந்து பிள்ளைங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசட்டுமே" என்று தலைமையாசிரியை கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் சட்டைக்கு நானே கஞ்சி போட்டு இஸ்திரி போட்டேன்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். "சார், துப்பாக்கி முனையில கத்தி மாட்டுவாங்களே, பயனெட்டு, அதால எத்தனை பேரைக் குத்துனீங்க?"

"ஒருத்தரையும் குத்தலைம்மா" என்றாய்.

அதோடு விட்டாயா? "டிரெயினிங்ல வைக்கோல் மூட்டையைக் குத்தினோம், கத்திக்கிட்டே ஓடிப் போய். சண்டையில அதால டின் திறந்தோம். பதுங்குகுழி மண் சுவர்ல குத்தி வச்சு ஈரச் சாக்ஸ் காயப் போட்டோம். டீக்கு அடுப்பு வெட்டினோம். கண்ணிவெடி இருக்கும்னு சந்தேகம் வந்தா, குப்புறப் படுத்து, சாணுக்கு ஒரு தடவை மண்ணைச் சாய்வா குத்திப் பாத்துக்கிட்டே நகரணும்."

கண்ணிவெடி யார் காதிலும் விழவில்லை. "அப்போ அது கிச்சன் கத்தியா சார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஹாலே சிரித்தது. நீயும் சிரித்தாய். தலைமையாசிரியை மட்டும் சிரிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சிரிப்பு அடங்கியதும் நீ சொன்னாய்: "இன்னொண்ணுக்கும் ஆகும்..." அங்கே நிறுத்தி, உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டாய். நான் சட்டென்று எழுந்துவிட்டேன். "டைம் ஆயிடுச்சு. சாருக்கு எல்லாரும் கை தட்டுங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் உன்னைப் பிடுங்கி எடுத்தேன். "நாலு பேரைக் குத்தினேன்னு ஒரு பொய் சொன்னா உன் கிரீடம் எறங்கிடுமா? டின் திறக்கத்தான் பட்டாளத்துக்குப் போனியா? என் மானத்தையே வாங்கிட்டே."

"சரிம்மா. இனிமே பேசலை" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டு மறந்திருப்பேன். நீ சாதாரணமாகச் சொன்னாய், சொன்னபடியே இருந்தாய்.

எழுபத்தொன்றில் இன்னொரு சண்டைக்கும் போய்விட்டு, ஒரு காது மந்தமாகி வந்து சேர்ந்தாய். நீயும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் இல்லை. ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். மின்சார ரயில் லேட் ஆனது, பக்கத்து வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி, ஆலயத்தில் பிரசங்கம் நீண்டது, எல்லாம் பேசினாய். பட்டாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. சொல்ல உன்னிடம் ஒன்றும் இல்லை என்றே நினைத்திருந்தேன். ஞாயிறு மதியம் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ போவாய். பொழுது போகாமல் சுற்றுகிறாய் என்று அதற்கும் முணுமுணுப்பேன்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் அனகாபுத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். தறி நெய்கிறவர். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

"பட்டாளத்துல நானும் அண்ணனும் ஒரே செக்‌ஷன், டீச்சரம்மா. அறுபத்தஞ்சு சண்டைல, ஒரு கரும்புக் கொல்லைல கால்ல குண்டு பட்டு வுழுந்துட்டேன். அண்ணன் நிக்க முடியாது, முன்னால போவணும்னு ஆர்டர். என்னை வரப்புக்கு இழுத்தாந்து போட்டாரு. என் துப்பாக்கில பயனெட்ட மாட்டி, தலைகீழா மண்ணுல குத்தி நிறுத்தி, மேல என் ஹெல்மெட்டக் கவுத்துட்டுப் போனாரு. அத்தப் பாத்துதான் ஸ்ட்ரெச்சர்காரங்க வந்தாங்க. இல்லாட்டி அந்தக் கரும்புக்குள்ள என்னை யாரு தேடுவா?"

இடது காலைத் தடவிக்கொண்டே, "பக்கத்துலயே இன்னொருத்தனுக்கும் நட்டாரு. அவன் பொழைக்கல. அதான் அவருக்கு ஒரே பேஜாரு. வாராவாரம் என் வூட்டுக்கு வந்து அதையே பேசிக்கினு இருப்பாரு. உங்களாண்டயும் சொல்லியிருப்பாரே?" என்றார்.

நீ பேசாமல் இல்லை, அண்ணா. என்னிடம்தான் பேசவில்லை.

"எல்லாம் தெரியுங்க. அண்ணன் சொல்லியிருக்காங்க" என்றேன்.

அவர் நிம்மதியாக எழுந்து போனார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி அழுதேன். ஒரு ஹால் நிறைய பிள்ளைகள் சிரித்தும் உனக்கு வராத பொய், ஒற்றை ஆள் முன்னால் எனக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

இப்போதெல்லாம் வகுப்பில் எந்தப் பிள்ளை பாதியில் நிறுத்தினாலும் நான் காத்திருக்கிறேன். மணி அடித்தாலும் காத்திருக்கிறேன். பிள்ளைகள் என்னைப் பொறுமைசாலி என்று சொல்கிறார்களாம். அன்றைக்கு ஹாலில் நீ நிறுத்திய இடத்தில் "எதுக்குண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அதைத்தான் நான் கேட்கவில்லை.

உன் தங்கை